புருவத்தோடு போகாதது

என் இடது கண்ணின் பாவை வலது கண்ணுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. கிட்டே வந்து உற்றுப் பார்த்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். எனக்கு வெயிலில் இறங்கினாலே தெரிந்துவிடும். இடது பக்கம் மட்டும் யாரோ டார்ச் அடிக்கிற மாதிரி கூசும். காரணம், 5 கிராம் எடைகூட முழுசாக இல்லாத ஒரு காக்.

ஷட்டில் ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பாட்மிண்டன் விளையாட்டின் பெயர்தான் ஷட்டில். அடிக்கிற பொருளுக்குப் பெயர் காக். பாடப்புத்தகத்தில்தான் அது இறகுப்பந்து. பூப்பந்து என்று சொன்னால் அது வேறு ஆட்டம், மஞ்சள் கம்பளிப் பந்தில் ஆடுவது. தஞ்சாவூரில் பிறந்தது என்பார்கள். என் அப்பா காலத்தில் மில் மைதானங்களில் அதுதான் ராஜா. இப்போது கோயம்புத்தூரில் தகரக் கொட்டகை போட்டு உள்ளே பச்சை மேட் விரித்தால் காலை 5 மணிக்கே ஆள் வந்துவிடுகிறது. நானும் அப்படி வந்தவன்தான். வயது 44, சர்க்கரை எல்லைக்கோட்டில், காலை 6 முதல் 7 வரை பேட்ச்.

வேலை ஒரு பம்ப்செட் கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டில். ஷாப் ஃப்ளோரில் ஒரு சுற்று வரும்போது, லேத்திலும் கிரைண்டிங் வீலிலும் நிற்கிறவர்கள் கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. போடாவிட்டால் மெஷினை நிறுத்தச் சொல்லுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதற்காக வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

நடந்தது ஒரு புதன்கிழமை. டபுள்ஸ், மூன்றாவது கேம், ஸ்கோர் 17க்கு 17. நான் நெட் அருகே, என் பார்ட்னர் பின்னால். அவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், 61 வயது, ஆனால் தோள் இன்னும் 30 வயதில் இருக்கிறது. எதிரணி டாஸ் தூக்கிப் போட்டது. காக் என் தலைக்கு மேலே போனது. முன்னால் நிற்கிறவன் அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: மட்டையை முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து, நெட்டைப் பார்த்தபடியே நிற்பது. எனக்கோ பொறுக்கவில்லை. அண்ணன் ஓங்கி ஸ்மாஷ் அடிப்பாரா, மெதுவாக டிராப் போடுவாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஸ்மாஷ்தான் அடித்தார்.

சத்தம் எதுவும் நினைவில்லை. மட்டை கீழே விழுந்ததும், நான் மேட் மேல் உட்கார்ந்திருந்ததும், பின்னாலிருந்து அவர் ஓடி வந்து “கண்ணு, என்னாச்சு கண்ணு?” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. கொங்கு நாட்டில் சின்னவர்களைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் செய்யக்கூடாதது எல்லாவற்றையும் செய்தோம். நான் கண்ணைக் கசக்கினேன். ஒருவர் ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி அழுத்திப் பிடித்தார். குளிர்ச்சி தப்பில்லையாம். அழுத்தினதுதான் தப்பு. அடிபட்ட கண்கோளத்தின்மேல் எந்த அழுத்தமும் படக்கூடாது. இன்னொருவர் கோர்ட்டுக்கு எதிரே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வந்தார், டைக்ளோஃபெனாக். கேள்வி கேட்காமல் விழுங்கினேன். வீட்டுக்குப் போனால் அம்மா நந்தியாவட்டைப் பூவோடு நின்றார். பூ கண்ணுக்கு வருவதற்குள் என் மனைவி வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். அது ஒன்றுதான் அன்று சரியாக நடந்தது.

இதற்குள் இடது கண்ணில் பார்வை பழுப்பாகிவிட்டிருந்தது. தேநீர் டம்ளரின் அடியிலிருந்து பார்க்கிற மாதிரி. வலியைவிட அந்த நிறம்தான் பயமுறுத்தியது.

கண் மருத்துவர் என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். விளக்கு வைத்த கருவியில் முகவாயை ஊன்றச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் கண்ணின் குறுக்குவெட்டை வரைந்தார். முன்னால் கண்ணாடி போன்ற கருவிழி. அதற்குப் பின்னால் ஐரிஸ் என்கிற நிறத்திரை. இரண்டுக்கும் இடையில் தெளிந்த நீர் இருக்கும் ஒரு சின்ன அறை. “உங்களுக்கு இந்த அறைக்குள்ள ரத்தம் இறங்கியிருக்கு சார். ஹைஃபீமான்னு சொல்லுவோம். உட்கார்ந்திருக்கும்போது கீழே தேங்குது, படுத்தா பரவிடும்.” அறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ரத்தம் இருந்தால் முதல் நிலை. என்னுடையது அது. முழுக்க நிரம்பினால் நான்காம் நிலை, கண் கறுத்துவிடும்.

மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் மாதிரியானவை ரத்தம் உறைவதைத் தளர்த்தும். கண்ணுக்குள் ரத்தக்கசிவு இருக்கும்போது அவற்றைத் தொடக்கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். முதல் ஐந்து நாள் ரொம்ப முக்கியம் என்றார். உறைந்த ரத்தக்கட்டி சுருங்கும்போது மறுபடி கசிவு வரலாம், வந்தால் இரண்டாவது கசிவு பெரும்பாலும் முதலாவதைவிட மோசமாக இருக்கும். ஓட்டை போட்ட கடினமான ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கண்ணுக்குமேல் ஒட்டினார். பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டவில்லை.

ஐந்து நாள் தலையணைகளை அடுக்கி, சாய்ந்த மேனிக்குப் படுத்திருந்தேன். அட்ரோபின் சொட்டு போட்டதில் பாவை விரிந்து, ஜன்னல் திரை இடுக்கில் வந்த வெளிச்சமே குத்தியது. குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது, படிக்கக்கூடாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க அடிக்கடி மருத்துவமனைக்குப் போய்வந்தேன். மீதி நேரம் வானொலி. அம்மா வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “கண்ணுக்கு வந்தது புருவத்தோட போச்சுங்க.”

போகவில்லை என்பதுதான் விஷயம். அந்தப் பழமொழியைச் சொன்னவர் யாராக இருந்தாலும் உடற்கூறு தெரிந்தவர். புருவ எலும்பு, கன்ன எலும்பு, மூக்கெலும்பு மூன்றும் சேர்ந்து கண்ணைச் சுற்றி ஒரு வரப்பு கட்டியிருக்கின்றன. இந்த எலும்புக்குழியின் வாய் சுமார் 40 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் உயரம். கிரிக்கெட் பந்தின் விட்டம் 7 சென்டிமீட்டருக்கு மேல். கால்பந்து கேட்கவே வேண்டாம். அவை வந்தால் பெரும்பாலும் வரப்பில்தான் மோதும். எலும்பு உடையலாம், முகம் வீங்கலாம், ஆனால் அடியின் பெரும்பங்கை எலும்பு வாங்கிக்கொள்ளும். கண்ணுக்கு வந்தது புருவத்தோடு போகும்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் பழைய காக் ஒன்றைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் வெர்னியரில் அளந்தேன். பழக்கதோஷம். இறகுகளைச் செருகியிருக்கும் அடித்தக்கையின் விட்டம் 26 மில்லிமீட்டர் சொச்சம். உலக பாட்மிண்டன் கூட்டமைப்பின் விதி 25 முதல் 28 வரை அனுமதிக்கிறது. மனிதக் கண்கோளத்தின் விட்டம் ஏறக்குறைய 24. ஸ்குவாஷ் பந்து 40, அதுவும் ரப்பர், நசுங்கி உள்ளே போகும். வரப்பை வெட்டிவிட்ட வயலுக்குள் தண்ணீர் நுழைகிற மாதிரி இவை நேராகக் கண்ணுக்குள் இறங்குகின்றன. கண்ணுக்கென்றே அளவெடுத்துச் செய்த உளி மாதிரி இருந்தது அந்தத் தக்கை.

எடையையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விதிப்படி ஒரு காக் 4.74 முதல் 5.50 கிராம். எங்கள் அண்ணனின் ஸ்மாஷ் மணிக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். அந்த வேகத்தில் 5 கிராம் சுமக்கிற ஆற்றல், ஒரு கிலோ எடைக்கல்லை 44 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் வருகிற ஆற்றலுக்குச் சமம். அதில் ஒரு பங்கு வழியில் காற்றோடு போனாலும், மிச்சம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், கண்ணின்மேல் விழுகிறது. இறகு என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. தள்ளி நின்றால் அது உண்மையிலேயே இறகுதான், காற்று அதன் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் தின்றுவிடும். 2023 ஏப்ரலில் ஜப்பானின் சைதாமாவில் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி அடித்து கின்னஸில் ஏறிய மணிக்கு 565 கிலோமீட்டர் என்பது மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தின் வேகம். எதிர்க்கோடியை அடையும்போது அதில் கொஞ்சம்தான் மிஞ்சும். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருந்ததோ 4 மீட்டர். அதைக் கடக்க அந்தக் காக்குக்கு 0.15 வினாடி போதும். பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பில் ஒரு மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம் என்று படித்தோமே, அந்த இமைப்பு முடியவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் மருத்துவர் விளக்கினார். தண்ணீர் நிரப்பிய பலூனை முன்னாலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் புடைக்குமே, அதேதான். கண் முன்பின்னாக நசுங்கி, இடுப்பில் விரிகிறது. விரிகிற வேகத்தில் ஐரிஸின் வேர் கிழியும், ரத்தம் வரும். பாவையைச் சுருக்குகிற தசை பிய்ந்தால் பாவை விரிந்தே நின்றுவிடும், என்னுடையது போல. லென்ஸ் இடம் பெயரலாம், பிற்பாடு புரையாகலாம். பின்னால் விழித்திரை ஓரத்தில் கிழியலாம். விழித்திரை கிழிந்தால் அன்றைக்கே தெரியவேண்டும் என்பதில்லை. மின்னல் வெட்டுகிற மாதிரி வெளிச்சம், கொசுக்கூட்டம் மாதிரி கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல், இவற்றில் எது வந்தாலும் அந்த மணியே வரச் சொன்னார். எனக்கு வரவில்லை.

படிக்க அனுமதி கிடைத்ததும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1974-ல் மலேசியாவிலிருந்து ஒரு கண் மருத்துவர், பாட்மிண்டன் ஆட்டத்தில் கண்ணுக்கு வரும் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டனின் கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். 1987-ல் அதே இதழில் மறுபடியும் ஒரு கட்டுரை. ஐம்பது வருடமாகத் தெரிந்த சங்கதி, எங்கள் கொட்டகைக்குள் மட்டும் வந்து சேரவில்லை. டபுள்ஸில் கண்ணைக் கெடுப்பது எதிரி மட்டும் இல்லை, சொந்தப் பார்ட்னரும்தான். அவருடைய காக்கும், சில நேரம் அவருடைய மட்டையும். பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றவன் திரும்ப மாட்டான். அவனுக்கு முதுகில் கண் உண்டு, எதிரணியின் முகத்தைப் பார்த்தே பின்னால் என்ன வருகிறது என்று படித்துவிடுவான். தெருவிளக்கு வெளிச்சத்தில் கயிறு கட்டி ஆடிப் பழகிய நாங்கள்தான் திரும்புகிறோம். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவனுக்கு ஆபத்து குறைவு என்ற நினைப்பு இதனால்தான் எனக்குத் தப்பாகப் படுகிறது. ஸ்மாஷின் வேகம் பாதிதான் இருக்கும், சரி. அது எங்கே போகும் என்பது அடிக்கிறவனுக்கே தெரியாது, அதற்கு என்ன சொல்வது?

கம்பெனிக்குப் போன முதல் நாள், பிளாஸ்டிக் மூடி ஒட்டிய கண்ணோடு சுற்று வந்தேன். ஒரு லேத் அருகே நின்றபோது, என்னிடம் இரண்டு முறை திட்டு வாங்கிய தம்பி மெஷினை நிறுத்தினான். தன் கண்ணாடியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டான்: “சார், உங்களை யார் சார் போடச் சொல்லுவாங்க?”

சிரித்து மழுப்பினேன். வேறென்ன செய்ய.

மூன்று மாதம் கழித்து, மருத்துவரின் அனுமதியோடு மறுபடி கோர்ட்டுக்குப் போனபோது, கம்பெனியில் கொடுக்கிற பாதுகாப்புக் கண்ணாடியையே போட்டுக்கொண்டு போனேன். இலவசம், பாலிகார்பனேட், உடையாது. அதுவும் சரியான தேர்வில்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. பட்டறைக் கண்ணாடியின் கவலை பறந்துவரும் சின்னத் துணுக்கு. பந்து மாதிரி ஒன்று மொத்தமாக மோதினால் ஃபிரேமே பின்னால் தள்ளப்பட்டுக் கண்ணில் இடிக்கலாம். ஓடும்போது மூக்கிலிருந்து நழுவும். மட்டை விளையாட்டுக்கென்று செய்கிற கண்ணாடிக்கான சோதனை வேறு. செயற்கைத் தலை ஒன்றில் அதை மாட்டி, அந்தந்த விளையாட்டின் பந்தையே அதன் வேகத்தில் அடிப்பார்கள். லென்ஸ் விரிசல் விடக்கூடாது, எந்தப் பாகமும் கண்ணைத் தொடக்கூடாது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்803 என்ற தரக்குறி இதற்குத்தான். பொருளில் அந்த எண்ணோ, பிற்பாடு மட்டை விளையாட்டுகளுக்கென்றே வந்த எஃப்3164 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். தலைக்குப் பின்னால் வார், பக்கவாட்டில் மறைப்பு. விலை எங்கள் நல்ல மட்டையின் விலையில் பாதிகூட இல்லை.

லென்ஸே இல்லாமல் கம்பி மட்டும் வளைத்த கண்காப்பும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ராக்கெட்பால் ஆட்டத்தில். வியர்க்காது, மங்காது, பார்க்க அழகு. பந்து நசுங்கி அந்தக் கம்பிச் சந்துக்குள் பிதுங்கிப் போய்க் கண்ணைப் பதம் பார்த்ததைக் கனடாவின் கண் மருத்துவர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் அது ஒழிந்தது. காப்பு என்று பெயர் வைத்துவிட்டால் நம்பிவிடுகிறோம்.

அதே நம்பிக்கைதான் எங்கள் பேட்சில் பவர் கண்ணாடி போடுகிறவரிடமும். “எனக்குத்தான் ஏற்கனவே கண்ணாடி இருக்குங்களே” என்கிறார். அவருடையது ஃபிரேமில்லாத, திருகு வைத்த கண்ணாடி. சாதாரண லென்ஸ் உடைந்தால் சில்லு கண்ணுக்குள்ளேயே போகும், வெறும் தக்கை அடித்ததைவிட மோசம். பவரோடு வேண்டும் என்றால் பாலிகார்பனேட்டிலோ டிரைவெக்ஸிலோ செய்து, விளையாட்டு ஃபிரேமில் பொருத்தித் தருவார்கள். கான்டாக்ட் லென்ஸ் எதையும் தடுக்காது. லேசிக் செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கி எறிந்த ஓர் ஐடி பையனும் எங்களோடு ஆடுகிறான். கருவிழியில் அப்போது வெட்டி மூடிய மெல்லிய ஏடு வருடங்கள் கழித்தும் அடிபட்டால் விலகலாம் என்று சொன்னேன். “அண்ணா, காலங்காத்தால ஏன் பயமுறுத்தறீங்க” என்றான். ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்கள் இது இல்லாமல் கோர்ட்டில் காலே வைக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சரி, போட்டுக்கொண்டு ஆடுவது சுகமா என்றால், இல்லை. முதல் பத்து நிமிடம் தெளிவாக இருக்கும். அப்புறம் தகரக் கொட்டகையின் புழுக்கத்தில் ஓரங்களில் ஆவி படியும். கேமுக்குக் கேம் துடைக்கவேண்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, துணியால் ஒற்றி எடுத்தால் கொஞ்சம் தாங்குகிறது. அது பட்டறையில் கற்ற வித்தை. கீழே வரும் காக் முதல் இரண்டு வாரம் தள்ளித் தெரிந்தது, பிறகு பழகிவிட்டது. பழகாதது கிண்டல்தான். “வெல்டிங் அடிக்கப் போறீங்களா?”, “நீச்சல்குளம் அந்தப் பக்கம்ங்க.” 44 வயதில் இதற்கெல்லாம் கூசுவேன் என்று நான் நினைத்ததில்லை. கூசினேன். இரண்டு முறை பையிலேயே வைத்துவிட்டு ஆடியிருக்கிறேன், அடிபட்ட கண்ணோடு.

சென்னையில் என் தங்கை மகள் ஸ்குவாஷ் ஆடுகிறாள், 12 வயது. ஒரு முறை அவள் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். கோர்ட்டுக்குள் போகிற ஒவ்வொரு குழந்தையும் ஷூ கயிறு கட்டுகிற மாதிரி, பேச்சு நிற்காமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டது. உலக ஸ்குவாஷ் அமைப்பின் போட்டிகளில் ஜூனியர்களுக்கும் டபுள்ஸ் ஆடுகிறவர்களுக்கும் அது கட்டாயம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் போட்டிருந்தால் யாரைப் பார்த்துச் சிரிப்பது? பாட்மிண்டனில் அப்படி ஒரு விதி இல்லை. தொலைக்காட்சியில் நாங்கள் பார்க்கிற எந்தச் சாம்பியனும் போடுவதில்லை, அதனால் போடுகிறவன் பயந்தாங்கொள்ளி. எங்கள் கொட்டகைக்காரரிடம், வாடகைக்கு மட்டை கொடுக்கிற மாதிரி நான்கு கண்ணாடி வாங்கி வையுங்கள், குழந்தைகள் பேட்சுக்காவது கட்டாயமாக்குங்கள் என்று கேட்டேன். “கட்டாயம்னு சொன்னா பக்கத்துக் கோர்ட்டுக்குப் போயிருவாங்க சார்” என்றார். அவர் பாடு அவருக்கு. பக்கத்துக் கோர்ட்டில் இப்போது பிக்கிள்பால் என்கிற மட்டை ஆட்டமும் வந்துவிட்டது. பந்து 7 சென்டிமீட்டருக்கு மேல், எலும்பில் மோதும் அளவுதான். ஆனால் நெட்டிலிருந்து ஏழடி தள்ளி நின்று முகத்துக்கு நேர் ஆடுகிறார்கள். என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

வருடம் ஒரு முறை மருத்துவரைப் பார்க்கிறேன். கண்ணில் ஒரு கண்ணாடிக் கூம்பை வைத்து, கருவிழியும் ஐரிஸும் சேரும் மூலையைச் சுற்றிலும் பார்ப்பார். கண்ணுக்குள் சுரக்கிற நீர் வடிகிற வாய்க்கால் அங்கேதான் இருக்கிறது. அன்றைய அடியில் அந்த மூலையின் ஒரு பகுதி பின்வாங்கிவிட்டது. அதனால் கண் அழுத்த நோய் பத்து இருபது வருடம் கழித்தும் வரலாம், வராமலும் போகலாம். வலியே இல்லாமல் வரும் என்பதால் வருடா வருடம் அளந்துகொண்டே இருக்கவேண்டும், ஆயுள் முழுக்க. போன தடவை அழுத்தம் 16. வெர்னியரை நம்புகிற ஆள் நான், எண்ணைக் கேட்டதும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அண்ணன் இன்றைக்கும் என் பார்ட்னர்தான். அந்த நாளுக்கப்புறம் ஒரு மாதம் அவர் மட்டையைத் தொடவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். இப்போது காக் என் தலைக்கு மேலே போகும் ஒவ்வொரு முறையும், அடிப்பதற்கு முன்னால் “திரும்பாத கண்ணு!” என்று கத்துகிறார். எதிரணிக்கு அது ஸ்மாஷ் வருகிறது என்ற முன்னறிவிப்பாகிவிட்டது, அதனால் நிறைய பாயிண்ட் போகிறது. என்னுடையதைப் பார்த்து அவரும் ஒரு கண்ணாடி வாங்கினார். கிட் பையில் கிரிப் சுருளுக்கும் துண்டுக்கும் நடுவில் இருக்கிறது. போன வாரம்வரை உறை பிரிக்கவில்லை.